சலாம் சொல்லிப்போட்டுக் கட் பண்ணாத கோல்

சரீபா என்ட வீட்டுக் கதிரையில இருந்து, என்ட மகன் வாங்கித் தந்த கொம்பியூட்டரில கதைச்சு, நான் ஊத்திக் குடுத்த பிளேன்டித் தேத்தண்ணியையும் குடிச்சுக்கொண்டுதான் என்ட மகளுக்குப் பேசின மாப்பிள்ளையத் தன்ட மகளுக்கு எடுத்தவ. கதை அவ்வளவுதான். ஆனா அப்பிடி ஒரு வரியில சொல்லிப்போட்டு விட என்னால ஏலாது. முதல்ல இருந்து சொல்றன்.

இப்ப எண்டா எல்லார்ட கையிலயும் போன் கிடக்கு, முகத்தையும் பாத்துக்கொண்டே கதைக்கிறாங்க. அப்ப அப்பிடி இல்ல. சண்டை முடிஞ்சு, நாங்க புத்தளத்து முகாமில இருந்து மன்னாரில எங்கட தாராபுரத்துக்குத் திரும்பி வந்த புதுசு. வீட்டுச் சுவருக்குப் பூச்சும் இல்ல, கக்கூசுக்குக் கதவும் இல்ல, ஆனா முன் அறையில கொம்பியூட்டர் இருந்தது. ஏனெண்டா மூத்தவன் பவ்ஸான் கத்தாரில. அவனோட போன் கார்ட் போட்டுக் கதைச்சா, சலாம் சொல்லிச் சுகம் விசாரிச்சு முடியிறதுக்குள்ள கார்ட் தீந்துபோகும். அவன்ட வாப்பா வபாத்தாகிக் கண்ணை மூடின செய்தியையும் நான் அரைவாசிதான் சொன்னனான். "மகன், வாப்பா" எண்டன், லைன் போயிட்டுது. அந்தப் பிள்ளை அங்க கடை கடையா ஓடி அடுத்த கார்ட் வாங்கி எடுக்குமட்டும் வாப்பாக்கு என்னவோ எண்டு துடிச்சிருக்கு. அடுத்த லீவில வரக்குள்ள கொம்பியூட்டரோடதான் வந்தான்.

"கொம்பியூட்டருக்குக் கொம்பியூட்டர் கதைச்சாக் காசே இல்ல உம்மா. இன்டர்நெட்டுக்கு மட்டும்தான். போனுக்கு எடுத்தாலும் சொற்பம்தான் வெட்டும்" எண்டான். இன்டர்நெட் பிடிக்கிற டொங்கிள நீட்டு வயரில யன்னல் கம்பியோட கட்டி, அதுக்குப் பின்னால ஒரு சில்வர் தட்டை நிப்பாட்டி விட்டான், சிக்னல் தட்டில பட்டுத் திரும்புமாம். காதுக்கு மாட்டுற ஹெட்போன், வாய்க்கு முன்னால ஒரு சின்ன மைக். பச்சையை அமத்தினாக் கதை, சிவப்பை அமத்தினா முடியும். இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லித் தந்தான்.

பச்சையை எல்லாரும் டக்கெண்டு பழகிட்டம். சிவப்புத்தான் ஒருத்தருக்கும் வரல்ல. எங்களுக்குச் சலாம் சொன்னாக் கதை முடிஞ்சுது. அதுக்குப் பிறகு என்னத்தை அமத்திறது. மற்றது, வயசில மூத்தவங்க கதைச்சுக்கொண்டிருக்கக்குள்ள இளையவங்க முதல்ல வெட்டுறது மரியாதை இல்ல. அவங்க வெட்டட்டும் எண்டு இவ விடுவா, அங்க இருக்கிற கிழவிக்கு எதை அமத்திறதெண்டே தெரியாது. பவ்ஸான் ஏசுவான், "உம்மா, நீங்க வைக்காமப் போயிட்டீங்க, பக்கத்து வீட்டு ஆடு கத்திறதை நான் இங்க இருந்து கேட்டுக்கொண்டிருக்கிறன்" எண்டு.

ஊரில வேற ஒருத்தர் வீட்டிலயும் கொம்பியூட்டர் இல்லாததால எல்லாரும் இங்கதான் வந்தாங்க. அடம்பனில இருந்து பஸ்ஸில அரிசி கொண்டுவந்து விக்கிற கனகம்மா, அரிசிய அளந்து தந்திட்டு கனடாவில இருக்கிற தம்பியோட கதைச்சுப்போட்டுத்தான் பஸ் ஏறுவா. கனடா தூரம் எண்டு அவ போடுற சத்தத்துக்குக் கொம்பியூட்டரே தேவையில்ல.

எல்லாரையும் விடக் கூட வந்தது சரீபாதான். பக்கத்து வீடு. புத்தளத்து முகாமிலயும் எனக்கும் அவக்கும் நடுவில ஒரு கிடுகு மறைப்புத்தான். அவட புருஷன் அங்க இன்னொரு கலியாணம் முடிச்சுக்கொண்டு நிண்டிட்டான், அவ மகள் ஸீனத்தையும் கூட்டிக்கொண்டு எங்களோட ஊருக்கு வந்தவ. கருவாடு காயவைச்சு வித்துத்தான் சீவியம். சவுதியில வேலைக்கு நிக்கிற தங்கச்சியோட கதைக்க வந்து வந்து, கொம்பியூட்டரை என்னை விட நல்லாப் பழகிட்டா. என்னை ராத்தா எண்டுதான் கூப்பிடுறது. கூடப் பிறந்தவள் கூட என்னை அவ்வளவு தரம் ராத்தா எண்டு கூப்பிட்டதில்ல.

என்ட கடைசி மகள் அஸீபா. பாலர் பள்ளியில படிப்பிக்கிறா. முகாமில இருக்கக்குள்ள காய்ச்சல் வந்து, காய்ச்சல் போகக்குள்ள இடது காதையும் கொண்டுபோயிட்டுது. வலது காது நல்லாக் கேக்கும். வெளி ஆக்களுக்கு விளங்காது. சரீபாக்குத் தெரியும், அண்டைக்கு மழைக்குள்ள பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினதில அவவும் ஒருத்தி.

பவ்ஸான்தான் சம்மந்தம் கொண்டுவந்தான். மாப்பிள்ளை பேர் அஸ்மி, எருக்கலம்பிட்டிப் பிள்ளை, கத்தாரில ஒரு கொம்பனியில கணக்குப் பாக்கிறார். தாய் உம்மு குல்சூமும் அங்கதான், மூத்த மகன் குடும்பத்தோட. அவங்கட வீட்டு ஹோலிலயும் கொம்பியூட்டர் இருக்கு, அது விடியத் தொடங்கிப் படுக்குமட்டும் போட்டபடிதான் கிடக்கும் எண்டான்.

எங்கட பக்கம் பெண்ணைப் பெத்தவ தன்ட வாயால மாப்பிள்ளை வீட்டோட பேச்சுப் பேசுறேல்ல. நடுவில ஒருத்தி நிண்டு பேசோணும். அவ எங்கட பிள்ளையை மெச்சினா மெச்சினது, நாங்க மெச்சினா அது வியாபாரம். நேர பேசினா நாளைக்கு ஒரு சொல்லுக் கூடிக் குறைஞ்சாலும் சம்மந்தி வீட்டோட முகம் முறியும். அதால தாய் பேசுற இடத்திலயே இருக்கப்படாது. நான் சரீபாவைத்தான் கேட்டன். வேற ஆரைக் கேக்கிறது.

"ராத்தாட பிள்ளை என்ட பிள்ளை இல்லையா" எண்டா.

"முதல்ல காதைச் சொல்லு சரீபா. மற்றதெல்லாம் பிறகு" எண்டன்.

அவ ஹெட்போன மாட்டினா. நான் குசினிக்குப் போய் அடுப்பை ஊதிக்கொண்டு, என்ன கதைக்கிறாங்களெண்டு காதில விழாதபடிக்குத் தேங்காயைத் துருவு துருவெண்டு துருவினன். ஒரு ஊருக்குக் காணுற தேங்காய் துருவியிருப்பன். முடிஞ்சு அவ குசினிக்கு வந்தா, வாயெல்லாம் சிரிப்பு.

"சொல்லிப்போட்டன் ராத்தா. குல்சூம் மச்சி என்ன சொன்னவ தெரியுமா? ரெண்டு காதாலயும் கேக்கிற மருமகள் ஏற்கெனவே ஒண்டு இருக்காம். ஒரு காதால கேக்கிறவ வந்தா வீட்டில அரைவாசிச் சண்டை குறையுமாம்."

நான் சிரிச்ச சிரிப்பில கண்ணால தண்ணி வந்திட்டுது. அஸீபாக்கும் சொன்னன். அவ சிரிச்சுப்போட்டு, "அப்ப மாமி நல்ல மனுசி போல உம்மா" எண்டா. அதுக்குப் பிறகுதான் அவ போட்டோவுக்குச் சம்மதிச்சது. பவ்ஸான் ஒரு நாள் கதைச்சுக்கொண்டிருக்கக்குள்ள அஸ்மி வந்து ஒரு சலாம் சொல்லியிருக்கிறார், அஸீபா ஹெட்போன வலது காதில திருப்பி வைச்சுக் கேட்டா. ஒரு சலாம்தான். அண்டு முழுக்க அவ ஆரோடயும் சண்டை பிடிக்கல்ல.

பேந்து பேச்சுக் குளிர்ந்து போச்சு. கேட்டா, "மூத்தவருக்கு லீவு பிரச்சினையாம் ராத்தா", "நோன்பு முடியட்டாம் ராத்தா", "லைன் சரியில்ல, ஒண்டும் விளங்கல்ல ராத்தா" எண்டு ஒவ்வொரு நாளுக்கு ஒவ்வொண்டு சொன்னா. நான் பவ்ஸானைக் கேட்டன், அவன் "பொம்பளையள்ட பேச்சுக்குள்ள நான் போகல்ல உம்மா, சரீபா சாச்சி பாத்துக்கொள்ளுவா" எண்டான். சரீபாவும் நாளும் வந்து பேசிக்கொண்டுதான் இருந்தா. நானும் நாளும் குசினிக்குப் போனன். அவ தொண்டை காயப்படாதெண்டு பிளேன்டிக்குள்ள இஞ்சியும் தட்டிப் போட்டன்.

ஒரு நாள் மத்தியானத்துக்குக் கிட்ட, மழை இருட்டிக்கொண்டு வந்தது. "அஸ்ஸலாமு அலைக்கும் மச்சி, வைக்கிறன்" எண்டு அவ பெலக்கச் சொன்னது குசினிக்குக் கேட்டுது. "ராத்தா, கருவாடு நனையப் போகுது" எண்டு சொல்லிக்கொண்டு ஓடிட்டா. நான் மழைத்தண்ணி யன்னலால அடிக்கும் எண்டு கொம்பியூட்டரை மூடப் படுக்கைச் சீலையை எடுத்துக்கொண்டு வந்தன்.

மேசையில கிடந்த ஹெட்போனுக்குள்ள ஏதோ கிசுகிசுக்குது. பூச்சி போயிட்டுதோ எண்டு எடுத்துக் காதில வைச்சன். பூச்சி இல்ல. குக்கர் விசில். பாத்திரம் வைக்கிற சத்தம். குல்சூம் மச்சிட குரல். சரீபா சிவப்பை அமத்தல்ல, அங்கயும் ஒருத்தரும் அமத்தல்ல.

கீழ வைச்சிருக்கோணும். என்ட பிள்ளைட பேர் காதில விழுந்திராட்டி வைச்சிருப்பன்.

"அப்ப அஸீபா எண்ட பிள்ளை மாமி?" எண்டு மருமகள் கேக்கிறா.

"எது, அந்தச் செவிட்டுப் பிள்ளையா?"

"மெல்லமாக் கதையுங்கோ, அஸ்மி வாற நேரம்."

"வரட்டுமே. தாய்க்காரி மூடி மறைச்சு எங்கட தலையில கட்டப் பாத்தவ. சரீபா அல்லாஹ்வுக்குப் பயந்த மனுசி, வாயைத் திறந்து சொன்னா. இல்லாட்டி நாங்க பந்தல் போட்ட பிறகுதான் கண்டுபிடிச்சிருப்பம்."

"சரீபாட மகள் எப்பிடியாம்?"

"ஸீனத்தா? போட்டோவில வடிவாத்தான் இருக்கிறா. ஏழைதான், ஆனாக் கள்ளம் இல்லாத சனம்."

கதிரையில இருந்திட்டன். அந்த நேரம் பாத்து அங்க கதவு திறந்த சத்தம். ஆம்பிளைக் குரல் ஒண்டு, "அஸ்ஸலாமு அலைக்கும்."

"வஅலைக்குமுஸ்ஸலாம்" எண்டன் நான்.

வாய் தானாச் சொல்லிப்போட்டுது. சின்னனில இருந்து பழகின வாய், சலாம் கேட்டா நிக்காது. கோலில சொன்னது போய்ச் சேர ஒரு மூச்சுப் பிந்தும்தானே, அங்க எல்லாரும் பதில் சொல்லி முடிஞ்ச பிறகு, அந்த ஹோலுக்குள்ள என்ட குரல் தனியாப் போய் இறங்கியிருக்கு. குக்கர் மட்டும் விசிலடிச்சுது.

"ஆரது? சரீபா, நீங்க இன்னும் போகல்லயா?"

"சரீபா இல்ல மச்சி. நான் பவ்ஸான்ட உம்மா."

"எவ்வளவு நேரமா நிக்கிறியள்?"

"செவிட்டுப் பிள்ளை எண்டதில இருந்து."

பிறகு அவக்குக் கோபம் வந்திட்டுது. பிடிபட்ட ஆளுக்கு வாற கோபம். "மறைக்கிறதையும் மறைச்சுப்போட்டு ஒட்டுக் கேட்டுக்கொண்டும் இருக்கிறியளா?"

"மறைக்கல்ல மச்சி. முதல் நாளே காதைச் சொல்லு எண்டுதான் சரீபாவை இருத்தினனான். நீங்களும் சிரிச்சுக்கொண்டு சொன்னீங்களாமே, அரைவாசிச் சண்டை குறையும் எண்டு."

"என்ன அரைவாசி? எனக்கு விளங்கல்ல."

திரும்பச் சொன்னன். அப்பிடி ஒரு கதை தன்ட வாயால வரவே இல்லை எண்டா. சரீபா சொன்னது வேறயாம். "ராத்தா காதை மறைக்கச் சொல்லித்தான் என்னைப் பேச விட்டவ, எனக்கு மனசு பொறுக்கல்ல, நான் சொன்னதெண்டு மட்டும் காட்டிக் குடுத்திராதேங்கோ" எண்டு அழுதவவாம். அந்த அழுகையைக் கேட்டுத்தான் தனக்கு அவவில பிடிப்பு வந்ததாம்.

"நான் சத்தியம் பண்ணவா மச்சி?"

"இனி என்னத்துக்கு. எனக்கு உங்களையும் தெரியாது, அவவையும் தெரியாது. எங்களோட கதைச்சது அவ. நீங்க ஒரு நாளும் வந்து ஒரு சொல்லுக் கதைக்கல்லயே. மடியில கனமில்லாட்டி வந்து கதைச்சிருப்பீங்கதானே. ஸீனத்துக்கு நாங்க வாக்குக் குடுத்திட்டம்."

குசினியில இருந்ததுதான் என்ட மரியாதை எண்டு நான் நினைச்சிருந்தன். அங்க அது கள்ளமாப் போயிருக்கு. அதுக்குப் பிறகு அவதான் வெட்டினா. அவக்கும் எது சிவப்பெண்டு அண்டைக்கு விளங்கிட்டுது.

மழைக்குள்ளயே போனன். சரீபா கருவாட்டைத் தாவாரத்துக்குள்ள இழுத்துப் போட்டுக்கொண்டு நிண்டா. என்ட முகத்தைப் பாத்ததும் அவக்குத் தெரிஞ்சிட்டுது.

"நீ வைக்காம வந்திட்ட" எண்டன்.

கையில கிடந்த கருவாட்டைக் கீழ போட்டா. பிறகு நிமிந்தா. "என்ட பிள்ளைக்கும் வயசு போகுது ராத்தா. உங்களுக்கு வெளிநாட்டில ஆம்பிளைப் பிள்ளை இருக்கு. இது இல்லாட்டி இன்னொண்டு கொண்டு வருவான். எனக்கு ஆரு இருக்கு?"

"என்னட்டக் கேட்டிருந்தா ஸீனத்துக்கும் பாக்கச் சொல்லி அவனுக்குச் சொல்லியிருப்பனே."

"உங்கட பிள்ளை முடிச்ச பிறகு பாப்பீங்க. எல்லாம் உங்களுக்குப் பிறகுதானே. முகாமிலயும் அப்பிடித்தான், தண்ணி வண்டி வந்தாலும் உங்கட வாளிக்குப் பிறகுதான் என்ட வாளி."

"அதுக்கு என்ட பிள்ளைட காதா கிடைச்சது உனக்கு?"

"நான் பொய்யா சொன்னன்? கேக்காதது கேக்காததுதானே."

"நான் மறைச்சன் எண்டது?"

அவ கருவாட்டைத் தட்டித் தட்டி அடுக்கினா. நான் திரும்பக்குள்ள பின்னால இருந்து சொல்றா, "ராத்தா, கோபம் போன பிறகு சொல்லுங்கோ. நாள் குறிக்க அங்க இருந்து எடுப்பாங்க. என்னட்டக் கொம்பியூட்டர் இல்லத்தானே."

இந்த வயசு வரைக்கும் நான் கன சனத்தைக் கண்டனான். ஊரை விட்டுக் கலைச்சவங்களையும் கண்டனான். அவங்க ஒருத்தரும் கலைச்சுப்போட்டுத் திரும்பி வந்து தண்ணி கேக்கல்ல.

அண்டையில இருந்து சரீபாக்குக் கதவைத் திறக்கல்ல. அதோட முடிஞ்சுது எண்டு நினைச்சன். ஆனா மெல்ல மெல்ல மற்ற ஆக்களும் வாறது குறைஞ்சுது. முன் வீட்டுப் பொம்பளை மகனோட கதைக்க வாறவ, வரல்ல. பள்ளிவாசலுக்குப் பக்கத்தில இருக்கிறவங்களும் வரல்ல. கனகம்மா அரிசியை அளந்து தந்திட்டுத் தம்பிக்கு எடுக்காமச் சாக்கை மடிச்சா.

"ஏன் கனகம்மா, தம்பியோட கோபமா?"

"இல்லையக்கா, நேரம் போச்சு."

"பஸ் இப்பதானே போச்சு. அடுத்தது வர எவ்வளவு நேரம் கிடக்கு."

அவ ஒளிக்கத் தெரியாத மனுசி. சாக்கைக் கீழ வைச்சா. "குறை நினையாதேங்கோ அக்கா. உங்கட வீட்டில கதைச்சவங்க எழும்பிப் போன பிறகும் நீங்க அந்தப் பக்கத்தைக் கேட்டுக்கொண்டிருப்பீங்களாம். ஆக்கள்ட வீட்டுக் கதை எல்லாம் உங்களுக்குத் தெரியுமாம். சரீபாட கலியாணத்தைக் குழப்பப் பாத்தீங்களாம். எனக்கு அதில நம்பிக்கை இல்ல. ஆனா நானும் தம்பியோட காணிப் பிரச்சினை கதைக்கிறனான் பாருங்கோ."

"உன்ட காணிப் பிரச்சினை எனக்கு மட்டுமா தெரியும்? நீ போடுற சத்தத்துக்குப் பேசாலை ஊர் வரைக்கும் தெரியும்."

அவ சிரிச்சா, நானும் சிரிச்சன். ஆனா அண்டைக்கு அவ தம்பிக்கு எடுக்கல்ல.

பறிகுடுத்தது நான். ஊருக்குக் கள்ளியும் நான். இதுதான் எனக்கு நெஞ்சில இருந்து இறங்கல்ல. அஸீபாக்கு இனி ஆர் கேட்டு வந்தாலும் முதல்ல காதில விழப்போறது "தாய் மறைச்சவ" எண்ட கதைதான். நானோ பவ்ஸானோ சொன்னா அது எங்கட பக்கக் கதை, சரீபா ஒருத்தியாலதான் அதை அழிக்க ஏலும்.

கலியாணத்துக்குக் கிட்டவா சரீபா வந்தா. அப்பிடி ஒரு நல்ல காரியத்துக்கு முன்னால மனஸ்தாபமானவங்கட்ட ஹலால் கேக்கிறது எங்கட வழக்கம். ஹலால் ஆக்குங்கோ எண்டு கேட்டா, மன்னிச்சன், இனி ஒண்டும் இல்ல எண்டு மற்றவ சொல்லோணும். ஒரு தட்டில இனிப்புக்குத் தொதலும் கொண்டுவந்தா. முன் அறையிலதான் இருத்தினன்.

"ராத்தா, பிள்ளைட காரியம். மனசில ஒண்டும் வைச்சிராம ஹலால் ஆக்குங்கோ."

நான் கொம்பியூட்டருக்கு மேல கிடந்த சீலையை எடுத்தன். போட்டன். அது உம்மெண்டு இரைஞ்சு எழும்பி வாறதுக்கிடையில ஹெட்போன அவட பக்கம் தள்ளினன்.

"குல்சூம் மச்சிக்கு எடு. காதை முதல்ல சொல்லச் சொன்னது ராத்தாதான் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் குசினிக்குப் போகல்ல, இங்கதான் இருப்பன். சொல்லி முடிய, ஹலால்."

அவ ஹெட்போனப் பாத்தா. கையை நீட்டினா, பேந்து எடுத்து மடியில வைச்சிட்டா.

"கலியாணம் நிண்டு போகும் ராத்தா."

"நிக்காது. வாக்குக் குடுத்த சனம். உன்னைக் கொஞ்சம் குறைவா நினைப்பாங்க, அவ்வளவுதான்."

"என்ட பிள்ளை அந்த வீட்டிலதானே போய் வாழப் போறவ. பொய்க்காரிட மகளாப் போகட்டா?"

"என்ட பிள்ளை இந்த ஊரிலதான் வாழப் போறவ. பொய்க்காரிட மகளா."

அவ அழுதா. குல்சூம் மச்சிக்கு முன்னால அழுத அழுகையும் இப்பிடித்தான் இருந்திருக்கும், கேக்கிறவக்கு நெஞ்சு இளகத்தான் செய்யும். எனக்கும் இளகினது. ஆனா ஹெட்போன நான் திருப்பி எடுக்கல்ல. கடைசியில அவ எழும்பிப் போனா. தொதல் தட்டு மேசையிலயே கிடந்தது.

அஸீபா உள்ளுக்குள்ள இருந்து எல்லாம் கேட்டிருக்கிறா. வந்து வாசல் நிலையில சாஞ்சு நிண்டா.

"குடுத்தீங்களா உம்மா, ஹலால்?"

"இல்ல."

"என்னையும் ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்."

"ஏன், நீ எண்டாக் குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டன்" எண்டா. "அதுக்கில்ல. முதல் நாளில இருந்தே என்னைக் கேக்கல்ல. காது என்டது. அதைச் சொல்லுறதா, ஆர் சொல்லுறது, எப்ப சொல்லுறது எண்டு நீங்களும் சரீபா சாச்சியும்தான் கதைச்சு முடிவெடுத்தீங்க. நான் ஊமை இல்லத்தானே உம்மா."

அவ கதிரையை இழுத்துக்கொண்டு கொம்பியூட்டருக்கு முன்னால இருந்தா. ஹெட்போன எடுத்து வலது காதில சரிப்படுத்தி மாட்டினா. ஆருக்கு எடுக்கிற எண்டு நான் கேக்கல்ல. குல்சூம் மச்சிட பேருக்கு நேர இருந்த பச்சையை அமத்தினா.

நான் எழும்பிக் குசினிப் பக்கம் திரும்பினன்.

"எங்க போறீங்க?" எண்டா. "இருங்கோ."

இருந்தன். அங்க மணி அடிக்கத் தொடங்கிட்டுது.